விழுந்தவனைத் தூக்கு முன்

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் ராஜபாட்டையில் ஒரு லாரியும் மோட்டார் சைக்கிளும் மோதிக்கொண்டால், அவ்விடத்துக்கு முதலில் வந்து சேருகிறவர் வைத்தியர் அல்லர், போலீஸாரும் அல்லர். டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர், பக்கத்து வயலில் வேலை செய்துகொண்டிருந்தவர், பின்னால் வந்த பஸ்ஸிலிருந்து இறங்கியவர் ஆகிய இவர்களே முதலில் வருகின்றனர். அடிபட்டவன் பிழைப்பதும் மடிவதும் பல சமயங்களில் இவர்கள் முதல் பத்து நிமிஷத்தில் செய்வதையும், செய்யாமல் விடுவதையும் பொறுத்திருக்கின்றன. இதை நாம் இன்னும் போதிய அளவு உணர்ந்ததாகத் தெரியவில்லை. நமது ஜனங்களுக்கு இரக்கத்தில் குறைவு எக்காலத்திலும் இருந்ததில்லை. குறைவெல்லாம் முறையில்தான். எதை முதலில் செய்வது, எதைப் பின்னர்ச் செய்வது என்னும் ஒழுங்கை அறியாத இரக்கம் சில வேளைகளில் உயிருக்கே உலையாக முடிகிறது. அவ்வொழுங்கு இன்னதென்று எடுத்துக் காட்டுவதே நமது நோக்கம்.

விஷயம் அற்பமானதன்று. 2022-ம் வருஷத்தில் இந்தியா முழுவதும் 4,61,312 சாலை விபத்துக்கள் நேர்ந்தன; 1,68,491 பேர் மாண்டனர். தமிழ்நாட்டில் மட்டும் நேர்ந்தவை 64,105. விபத்துக்களின் எண்ணிக்கையில் அவ்வருஷம் நாமே தேசத்தில் முதலிடம் பெற்றோம். நம் ராஜ்யத்தில் இறந்தவர்கள் 17,884 பேர். அதாவது நாளொன்றுக்குச் சராசரி 49 பேர். ஒரு யுத்தத்தில் இத்தனை பேர் மாண்டிருந்தால் தேசம் அலறியிருக்கும். சாலையில் ஒருவர் ஒருவராக மடிவதால், பத்திரிகையின் ஒரு மூலையில் நாலு வரி வருவதோடு நமது துக்கம் முடிந்து போகிறது.

ஒரு தகப்பன் கண்ட குறை

பலமாக அடிபட்டவனுக்குச் செய்யவேண்டிய முதற் சிகிச்சைக்குத் திட்டமான முறை ஒன்று ஏற்பட்டு இன்னும் அரை நூற்றாண்டு கூடச் செல்லவில்லை. அது ஏற்பட்ட விதம் அறியத் தக்கது. 1976-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில், அமெரிக்காவின் நெப்ராஸ்கா ராஜ்யத்தில், ஜேம்ஸ் ஸ்டைனர் என்னும் எலும்பு வைத்திய நிபுணர் மனைவி மக்களுடன் தாமே ஓட்டிச் சென்ற சிறு ஆகாய விமானம் ஒரு வயலில் விழுந்து நொறுங்கிற்று. மனைவி இறந்தார். நான்கு குழந்தைகளில் மூவருக்குப் பலத்த காயம். தாமும் அடிபட்டிருந்த நிலையில் குழந்தைகளை ஒரு சிற்றூர் ஆஸ்பத்திரியில் கொண்டு சேர்த்த ஸ்டைனர், அங்கே நடந்ததைக் கண்டு மனம் நொந்தார். வெட்டவெளியில் வெறுங்கையோடு தாம் செய்த உதவி, ஆஸ்பத்திரியில் செய்யப்பட்டதைவிட மேலாயிருந்தது என்று பின்னர் அவர் கூறினார்.

அவ்வூர் வைத்தியர்கள் படியாதவர்கள் அல்லர். மாரடைப்பால் விழுந்தவனுக்கு இன்னது செய்ய வேண்டும் என்று அவர்களுக்கு முறை வகுத்திருந்தது. அடிபட்டு விழுந்தவனுக்கு வகுக்கப்படவில்லை. குறை ஆளிடம் இல்லை, அமைப்பிலேதான் என்று கண்ட ஸ்டைனரும் அவர் தோழர்களும் 1978-ல் முதற் பயிற்சி வகுப்பை நடத்தினர். 1980-ல் அமெரிக்க சர்ஜன்கள் கல்லூரி அதனை ஏற்றுக்கொண்டது. இன்று நமது தேசத்திலும் வைத்தியர்கள் பயில்வது அந்த முறையே. சொந்தத் துக்கத்தை ஊருக்கு உபகாரமாக மாற்றிய அந்தத் தகப்பனுக்கு உலகம் கடமைப்பட்டிருக்கிறது.

அம்முறையின் சாரத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம்: எது முதலில் கொல்லுமோ, அதை முதலில் கவனி. நோய் இன்னதென்று நிச்சயித்த பிறகே சிகிச்சை என்பது சாதாரண நோயாளிக்கு ஏற்ற வரிசை. உயிர் ஊசலாடுகிறவனுக்கு அது செல்லாது. அவன் பெயரும் ஊரும், எலும்பு எத்தனை இடத்தில் முறிந்தது என்பதும் பிறகு தெரிந்தால் போதும். மூச்சு நின்றால் சில நிமிஷங்களில் மூளை கெடுகிறது. முறிந்த கை நாளைக்கும் காத்திருக்கும்.

ஐந்து படிகள்

ஆங்கில எழுத்துக்களின் வரிசையில் ஏ, பி, சி, டி, இ என்று ஐந்து படிகளாக இம்முறையை அமைத்திருக்கின்றனர். முதற்படி மூச்சு செல்லும் வழி. நினைவற்றவனுக்கு நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கும்; ரத்தமும் வாந்தியும் அடைக்கும். ஆகவே வழியைத் திறந்துவிட வேண்டும். ஆனால் கழுத்தெலும்பு முறிந்திருக்கக்கூடும் என்பதை மறவாமல், தலையை அசைய விடாது பிடித்துக்கொண்டே தாடையை முன்னுக்கு உயர்த்த வேண்டும். அடிபட்டவனிடம் பெயரைக் கேட்டு, அவன் தெளிவாகப் பதில் சொன்னால், இப்போதைக்கு மூச்சுவழி திறந்திருக்கிறது, மூளைக்கு ரத்தம் போகிறது என்று ஒரு கேள்வியிலேயே தெரிந்துகொள்ளலாம்.

இரண்டாம் படி சுவாசம். வழி திறந்திருந்தும் நுரையீரல் விரியாமற் போகலாம். விலா முறிந்து நுரையீரலைக் கிழித்தால், காற்று மார்புக் கூட்டுக்குள் புகுந்து வெளியேற வழியின்றி நிறைந்து, நுரையீரலைச் சுருக்கி இதயத்தையும் நெருக்குகிறது. இவ்வாபத்தைப் படம் பிடித்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளக் காத்திருந்தால், படம் வரும், நோயாளி இரான். குறிகளைக் கண்டவுடனே ஊசியையோ குழாயையோ செலுத்தி வைத்தியர் காற்றை வெளியேற்ற வேண்டும். ஒரு நிமிஷ வேலை. ஓர் உயிர் மீளுகிறது.

மூன்றாம் படி ரத்தவோட்டம். வளர்ந்த மனிதனின் உடலில் சுமார் 5 லிட்டர் ரத்தம் உண்டு. அதில் ஒரு லிட்டர் போனபின்னும் வாலிபனுடைய ரத்த அழுத்தம் குறையாமல் நிற்கக்கூடும். நாடி மட்டும் விரைந்தோடும்; தோல் குளிர்ந்து வியர்க்கும். “அழுத்தம் சரியாகத்தானே இருக்கிறது” என்று ஏமாறுகிறவர்கள், அது சட்டென்று விழும்போது திகைக்கின்றனர். ரத்தம் வெளியே ஓடவேண்டும் என்பதுமில்லை. தொடையெலும்பு முறிந்தால் ஒரு லிட்டருக்கு மேலும் உள்ளேயே தேங்கலாம். மார்பும் வயிறும் இடுப்பும் அதைவிட அதிகமாக விழுங்கும். கண்ணெதிரே பெருக்கெடுத்தோடும் ரத்தத்தை மூச்சுவழியைக் கவனிப்பதற்கும் முன்னதாகவே அடக்க வேண்டும் என்று அண்மையில் இவ்வரிசையைத் திருத்தியிருக்கின்றனர்.

நான்காம் படி மூளை. கண் திறத்தல், பேச்சு, கைகால் அசைவு ஆகிய மூன்றையும் பார்த்து 3 முதல் 15 வரை மதிப்பெண் இடும் வழக்கத்தை 1974-ல் கிளாஸ்கோ நகரத்து வைத்தியர்கள் ஏற்படுத்தினர். 8-ம் அதற்குக் கீழும் வந்தவனால் தன் மூச்சுவழியைத் தானே காத்துக்கொள்ள இயலாது என்று கொண்டு, வைத்தியர் குழாய் பொருத்துவர். இங்கே ஓர் எச்சரிக்கை. சாலையோரத்தில் உளறிக்கொண்டு கிடப்பவனைப் பார்த்து, “குடித்துவிட்டுக் கிடக்கிறான்” என்று சொல்லி விலகிப் போவது நம்மவரிடம் சகஜமாயிருக்கிறது. குடித்தவனுக்கும் மண்டை உடையும். சாராய நாற்றம் வீசுவதால் மூளையில் ரத்தக் கசிவு இல்லையென்று ஆகிவிடாது.

ஐந்தாம் படி, உடையை நீக்கி உடல் முழுவதையும் முன்னும் பின்னும் பார்த்து, உடனே போர்த்திவிடுவது. கடலூர் வெயிலில் போர்வை எதற்கு என்று கேட்கலாம். ரத்தம் இழந்தவன் சித்திரை மாதத்திலும் குளிர்ந்து போகிறான். உடல் குளிர்ந்தால் ரத்தம் உறையும் சக்தியை இழக்கிறது. உறையாத ரத்தம் மேலும் ஒழுகுகிறது. போர்வையும் ஒரு மருந்தே.

ஐந்தும் முடிந்தபின் மறுபடியும் முதலிலிருந்து பார்க்க வேண்டும். நிலைமை நிமிஷத்துக்கு நிமிஷம் மாறக்கூடியது.

கூட்டம் செய்யும் பிழைகள்

இவற்றுள் பல வைத்தியர் செய்யவேண்டியவை. வைத்தியரிடம் போய்ச் சேருமுன் நடப்பது நம் கையில் இருக்கிறது. நம் சாலைகளில் வழக்கமாக நடப்பது என்ன? விழுந்தவனைக் கண்டதும் தலையை நிமிர்த்தி உட்கார வைக்கிறோம். முகத்தில் தண்ணீர் தெளித்து, வாயில் சோடாவை ஊற்றுகிறோம். நினைவற்றவன் வாயில் ஊற்றிய தண்ணீர் நுரையீரலில் இறங்குகிறது. நினைவுள்ளவனுக்கும் அது பின்னால் மயக்க மருந்து கொடுத்து அறுவை செய்கையில் அபாயமாகிறது. பிறகு கையையும் காலையும் பிடித்து மூட்டையைப் போல ஒரு வண்டியில் மடக்கிப் போடுகிறோம். கழுத்தெலும்பு முறிந்திருந்தால், நடக்கக்கூடியவனாக மீண்டிருக்க வேண்டியவன் ஆயுள் முழுதும் படுக்கையில் கிடக்கிறான். குத்தி நிற்கும் கம்பியைப் பிடுங்குகிறோம். அதுவரையில் கம்பியே அடைத்திருந்த ரத்தம் பீறிடுகிறது.

செய்ய வேண்டியதோ சுலபம். முதலில் வருகிற வண்டிகளை நிறுத்தி இடத்தைப் பத்திரப்படுத்துக. 108-க்குச் சொல்லுக, ஊர், சாலை, அடையாளம், அடிபட்டவர் எத்தனை பேர் என்பவற்றை நிதானமாகச் சொல்லுக. ரத்தம் ஓடும் இடத்தில் சுத்தமான துணியை மடித்து வைத்து, கையை எடுக்காமல் அழுத்துக. எடுத்தெடுத்துப் பார்க்க வேண்டாம். கையிலோ காலிலோ அழுத்தியும் நில்லாமல் பாய்ந்தால், காயத்துக்கு மேலே அகலமான துணியால் இறுகக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்துக்கொள்க. மெல்லிய கயிறு கூடாது. வாந்தி எடுப்பவனை நாலு பேர் சேர்ந்து, தலையும் உடலும் ஒரே மரக்கட்டை போலத் திரும்பும்படி ஒருக்களிக்கச் செய்க. தலைக்கவசத்தைப் பலவந்தமாகக் கழற்ற வேண்டாம். மூச்சே காணாவிடில் 108-ல் பேசுகிறவர் சொல்கிறபடி மார்பை அழுத்துக.

விபத்து நேர்ந்த நேரத்தையும் குறித்து ஆஸ்பத்திரியில் சொல்லவேண்டும். இது வீண் சம்பிரதாயமன்று. டிரானெக்ஸாமிக் ஆசிட் என்று மலிவான மருந்து ஒன்று உண்டு. உறைந்த ரத்தம் மீண்டும் கரையாமல் அது தடுக்கிறது. 40 தேசங்களில் 20,211 நோயாளிகளிடம் அதைப் பரிசோதித்து 2010-ல் முடிவை வெளியிட்டனர். அடிபட்ட மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் ரத்தப் பெருக்கால் நேரும் மரணம் குறைகிறது. அதற்கு மேல் தாமதித்துக் கொடுத்தால் தீங்கே நேரக்கூடும் என்று தெரியவந்தது. மருந்து கொடுக்கலாமா, கூடாதா என்று வைத்தியர் தீர்மானிக்க, சாலையோரத்தில் நின்ற ஒருவர் கடிகாரத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

பலர் ஒருங்கே விழுந்தால்

2023-ம் வருஷம் ஜூன் 19-ந் தேதி, கடலூருக்கும் பண்ருட்டிக்கும் இடையில் மேல்பட்டாம்பாக்கத்தில் இரண்டு தனியார் பஸ்கள் நேருக்கு நேர் மோதின. நால்வர் அன்றே மாண்டனர். எழுபதுக்கு மேற்பட்டவர் காயமடைந்தனர். ஒரே நேரத்தில் எழுபது பேரைப் பார்க்க எந்த ஆஸ்பத்திரியிலும் எழுபது வைத்தியர் இரார். அப்போது யாரை முதலில் பார்ப்பது? உரக்கக் கதறுகிறவனிடம் ஓடுவது மனித சுபாவம். கதறுகிறவன் மூச்சு விடுகிறான் என்பது கதறுவதாலேயே தெரிகிறது. சத்தமின்றிக் கிடக்கிறவனிடமே முதலில் போகவேண்டும். தமிழ்நாட்டு சர்க்காரின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நோயாளிகளைப் பிரிக்கும் ஏற்பாடு இந்தத் தத்துவத்தையே தழுவியது. பதவிக்கும் பழக்கத்துக்கும் சிபாரிசுக்கும் அங்கே இடமில்லை, இருக்கவும் கூடாது. தலைவருடைய உறவினருக்கு விரல் முறிந்ததென்று வைத்தியரை இழுத்துச் செல்கிற தொண்டர், பக்கத்துப் படுக்கையில் மூச்சுத் திணறுகிறவனுடைய உயிரைக் கேட்கிறார் என்றே கொள்ளவேண்டும்.

2025-ம் வருஷம் ஜூலை 8-ந் தேதி கடலூரையடுத்த செம்மங்குப்பம் ரெயில்வே கேட்டில் பள்ளிக்கூட வேன் மீது ரெயில் மோதி மூன்று மாணவர்கள் மாண்டதை ஜில்லா இன்னும் மறக்கவில்லை. அன்று குழந்தைகளைக் காக்க ஓடிய ஊரார் ஒருவர் மின்சாரக் கம்பியால் தாக்குண்டார். அவருடைய தீரத்துக்குத் தலை வணங்குகிறோம். அதனாலேயே சொல்கிறோம்: அறுந்த கம்பி, கொட்டும் பெட்ரோல், நிற்காமல் வரும் லாரி ஆகியவற்றை ஒரு கணம் பார்த்துவிட்டு நெருங்குவது கோழைத்தனமாகாது. காக்கப் போனவரும் விழுந்தால், காக்கப்பட வேண்டியவர் தொகை ஒன்று கூடுகிறது.

சட்டம் தடையன்று

“தொட்டால் போலீஸ் கேஸாகிவிடும், சாட்சிக்கு அலைய வேண்டும்” என்னும் அச்சம் ஒரு காலத்தில் காரணமற்றதாயிருக்கவில்லை. ஸ்கூட்டரில் சென்று அடிபட்ட ஒருவரை ஓர் ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் சென்றபோது, இத்தகைய கேஸ்களைப் பார்க்கத் தங்களுக்கு அதிகாரமில்லையென்று கூறி, 20 கிலோமீட்டர் தூரத்திலிருந்த மற்றோர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினர். வழியில் அவர் இறந்தார். இதைக் குறித்துப் பரமானந்த கடாரா என்பவர் தொடுத்த வழக்கில், 1989-ம் வருஷம் ஆகஸ்டு 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. சர்க்கார் வைத்தியராயினும் தனியாராயினும் உயிரைக் காப்பதே முதற் கடமை. சடங்குகள் பின்னர் என்பது தீர்ப்பின் சாரம். உதவி செய்கிறவர்களைத் துன்புறுத்தலாகாது என்னும் விதிகளுக்கு 2016-ம் வருஷம் மார்ச்சு 30-ந் தேதி அதே கோர்ட் சட்டத்தின் பலத்தை அளித்தது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு அப்பாதுகாப்பைச் சட்டப் புத்தகத்திலேயே ஏற்றிவிட்டது. நல்லெண்ணத்துடன் உதவியவர் மீது வழக்கு இல்லை. பெயரைச் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது.

பணத்தைப் பற்றிய தயக்கத்தையும் பெரிதும் நீக்கியாயிற்று. தமிழ்நாட்டு சர்க்கார் 2021-ம் வருஷம் டிசம்பர் 18-ந் தேதி மேல்மருவத்தூரில் தொடங்கிய “இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48” என்னும் திட்டம், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக அளிக்க ஏற்பட்டது. திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளுக்கும் இது பொருந்தும். மத்திய சர்க்காரும் 2025-ல் ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய்க்குட்பட்டு, கையில் பணமின்றிச் சிகிச்சை பெறும் திட்டத்தை வெளியிட்டது. சட்டமும் பணமும் தடையாக நின்ற காலம் போய்விட்டது. எஞ்சியிருப்பது நமது அறியாமை ஒன்றே.

அனுப்புவது சிகிச்சை ஆகாது

ஆஸ்பத்திரிகளைக் குறித்தும் ஒரு வார்த்தை. கடலூரில் அரசாங்கத் தலைமை ஆஸ்பத்திரி இருக்கிறது. சிதம்பரம் அண்ணாமலை நகரில் 1985-ல் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி 2021-ல் ராஜ்யத்தின் சுகாதார இலாகாவுக்கு மாற்றப்பட்டு ஜில்லாவின் அரசு மருத்துவக் கல்லூரியாயிற்று. வடக்கே புதுச்சேரியில் ஜிப்மர் இருக்கிறது. ஆகவே இப்பிரதேசம் அநாதையாக விடப்பட்டதன்று. ஆனால் நடுவிலுள்ள சிறு ஆஸ்பத்திரிகளிலிருந்து, “மேல் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டார்” என்னும் சொற்றொடரோடு எத்தனையோ உயிர்கள் பயணம் புறப்படுகின்றன. அனுப்புவது தவறன்று, தங்களால் இயலாததை உடனே உணர்ந்து அனுப்புவதே அறிவு. மூச்சுவழியைக் காக்காமல், மார்புக் காற்றை வெளியேற்றாமல், ரத்தத்தை நிறுத்தாமல் அனுப்புவதுதான் தவறு. நுணுக்கமான படங்கள் எடுக்கவென்று நிறுத்தி வைப்பதும் அவ்வாறே தவறு. உயிரை நிறுத்திக்கொள்ளத் தேவையானதைச் செய்து, சேருமிடத்துக்கு முன்கூட்டியே தகவல் சொல்லி, செய்த சிகிச்சையை எழுதிக் கொடுத்து அனுப்ப வேண்டும். இது பெரிய யந்திரங்களின் வேலையன்று. பயிற்சி பெற்ற ஒரு வைத்தியரும் ஒரு நர்ஸும் இரவிலும் விழித்திருந்தால் போதும்.

தொண்டர் கடமை

பொது வாழ்வில் ஈடுபட்ட அன்பர்களுக்கே இதை விசேஷமாக விண்ணப்பித்துக்கொள்கிறோம். விபத்து நேர்ந்தபின் மறியல் செய்கிறோம். நஷ்ட ஈடு கேட்கிறோம். அவை வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் மறியலில் நிற்கும் வண்டிகளுக்கிடையே 108 வண்டியும் நிற்கிறது என்பதை நினைக்க வேண்டும். புவனகிரி, பரங்கிப்பேட்டை, குறிஞ்சிப்பாடி, நெல்லிக்குப்பம், பண்ருட்டி முதலிய ஊர்களில் உள்ள ஒவ்வொரு சங்கமும், எக்கட்சியைச் சேர்ந்ததாயினும், பத்துப் பேரைப் பொறுக்கி, முதலுதவி அறிந்த வைத்தியர் ஒருவரை அழைத்து ஒரு நாள் பயிற்சி பெறச் செய்யட்டும். ஆட்டோ ஓட்டுவோர், பஸ் கண்டக்டர்கள், சாலையோரக் கடைக்காரர் ஆகியோரையே முதலில் அழைக்க வேண்டும். விபத்தை முதலில் காண்பவர் அவர்களே. அதோடு தத்தம் ஊர் ஆஸ்பத்திரிக்குச் சென்று, மரியாதையாகவும் விடாமலும் சில கேள்விகள் கேட்கட்டும்: இரவு இரண்டு மணிக்கு இங்கே வைத்தியர் இருப்பாரா? மார்பில் செலுத்தும் குழாயும் உறிஞ்சு யந்திரமும் இருக்கின்றனவா? ரத்தம் எங்கிருந்து, எத்தனை நேரத்தில் வரும்? சென்ற மாதம் அடிபட்டு வந்தவர்களில் எத்தனை பேர் என்ன நேரத்தில் மேலிடத்துக்கு அனுப்பப்பட்டனர்? இக்கேள்விகளுக்கு விடை கிடைக்காத இடங்களில் விடை கிடைக்கும்படி செய்வதே அரசியல் வேலையாகும்.

சிதம்பரத்தையடுத்த மருதூரில் பிறந்த இராமலிங்க அடிகள், பசித்து வந்தவனை யார் என்று கேளாமல் சோறிட 1867-ல் வடலூரில் தருமசாலை நாட்டினார். அன்று மூட்டிய அடுப்பு அணையாமல் எரிந்து வருகிறது. அவர் கால் பட்ட அதே பூமியில், ரத்தம் சிந்திக் கிடப்பவனைச் சுற்றி நின்று கையடக்கப் பேசியில் படம் பிடிப்பது நமக்கு அழகாகுமா? ஜீவகாருண்யம் இக்காலத்தில் வேண்டி நிற்பது இரண்டே: அழுத்திப் பிடிக்க ஒரு கை, அசையாமல் தாங்க ஒரு கை. அவ்விரண்டையும் எவ்வாறு வைப்பதென்று ஒரே ஒரு நாள் செலவிட்டுக் கற்றுக்கொள்வோமாக.